கிரேக் சாகேப் விடுப்பில் இருக்கிறார்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஓர் ஈயப் பட்டை. ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம், சாம்பல் நிறம். மேசை மேல் கோப்புகளுக்கு நடுவே, ஒரு கருங்கல் துண்டைச் சுற்றி வளைந்து கிடந்தது. கல்லின் மேடும் பள்ளமும் அப்படியே அதில் பதிந்திருந்தன. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது. பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி.

"குட் மார்னிங்" என்றேன்.

"தமிழா?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒங்க மார்னிங்ல 'ர்' நல்லா உருளுதுல்லா. இரிங்க."

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்து ஓர் ஆங்கில நாளிதழில் சேர்ந்திருந்தேன். அரசு அலுவலகங்கள் என் பங்கு. அன்று ரேஷன் அட்டை தாமதம் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். அவர் அங்கே நாயப் தாசில்தார், அதாவது நம் ஊர் துணை வட்டாட்சியர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனேயின் கட்கி ராணுவக் குடியிருப்பை ஒட்டிய தெருவில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா அங்கே ஆலை வேலைக்கு வந்திருக்கிறார். திருநெல்வேலியை இவர் நான்கு முறைதான் பார்த்திருக்கிறார் என்றாலும் பேச்சில் அந்த ஊர் அப்படியே இருந்தது.

கேள்வியை மறந்துவிட்டு, "இது என்னங்க?" என்று பட்டையைக் காட்டினேன்.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு மர அடிக்கோலை எடுத்து நீட்டினார். "இந்தக் கல்ல இதால அளங்க பாப்போம்."

வைத்துப் பார்த்தேன்.

"எத்தன எடத்துல தொடுது?"

"ரெண்டு இடத்துல."

"மிச்ச எடத்துல எல்லாம் ஸ்கேலு காத்தத்தான் அளக்குது" என்றார். பிறகு ஈயப் பட்டையைக் கல்லின் மேல் ஒரு முறை அழுத்திக் காட்டினார். "ரெண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னால ஒரு கிரேக்கரு சொன்னாரு. ஒரு தீவுல கொத்தனாருங்க ஈயத்துல கோலு வச்சிருந்தாங்களாம். கல்லு எப்படியோ கோலும் அப்படி வளையும். சட்டத்த எல்லாருக்கும் பொதுவா எழுதுதோம். அதுக்கு எந்த ஆளையும் தெரியாது. அதனால சில பேரு விசயத்துல ஈயக்கோலு வேணுங்காரு."

"யார் அவர்?"

"ஒரு பேரரசனுக்கு வாத்தியாரா இருந்தவரு. பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா காலேஜ்ல பேசுத மாதிரி ஆயிரும்."

அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் அவரைத் தெரியும். கிரேக்கரின் பெயரை ஒருமுறை கூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்தில் மாலைக் கல்லூரியில் தத்துவம் படித்திருக்கிறார். பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் வேண்டும், அந்த ஆண்டு தத்துவத்தில்தான் இடம் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் நீதியைப் பற்றிய அந்தப் பாடம் அவருக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. பட்டையைப் பழைய சாமான் சந்தையில் ஒரு குழாய்க்காரரிடம் வாங்கினாராம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் ஒருமுறை, வேதத்தில் இல்லாத நீதியா அந்தக் கிரேக்கரிடம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். தான் சொன்ன பதிலை இவரே எனக்குச் சொன்னார்: "ஐயா, கர்த்தர் மனசப் பாத்துத் தீர்ப்பு சொல்லுவாரு. எனக்கு ஃபைலு மட்டுந்தான் தெரியும். ஃபைலு பாக்கதுக்குன்னு தனியா ஒரு ஆளு வேணும்லா."

அலுவலகத்தில் இந்தக் கிரேக்கர் நிஜமாகவே பதவியில் இருந்தார். "கிரேக்கர் ஒப்புக்கொள்ள மாட்டார்" என்று அவர் மராத்தியில் அடிக்கடி சொல்வதைக் கேட்டுக் கேட்டு, வாசலில் இருந்த சிப்பந்தி வருகிறவர்களிடம் "கிரேக் சாகேபிடம் போக வேண்டும், நேரமாகும்" என்று சொல்ல ஆரம்பித்தான். மாடியில் எங்கோ அப்படி ஓர் உயர் அதிகாரி இருக்கிறார் என்று மனுதாரர்கள் நம்பினார்கள். முள்ஷிப் பக்கத்து விவசாயி ஒருவர், நிலப் பதிவு சரியான மகிழ்ச்சியில், ஒரு பை அரிசியோடு வந்து கிரேக் சாகேபைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று மதியம் முழுக்கப் படியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் இவர் வெளியே வந்து, சாகேப் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார் என்று சொல்லி, அரிசியோடு அனுப்பி வைத்தார்.

"எப்ப வருவார்னு கேட்டாரா?" என்றேன்.

"கேட்டாரு. லீவு லெட்டர்ல தேதி போடலன்னேன்."

இவ்வளவு கேட்டால் அவரை இளகிய மனுஷி என்று நினைக்கத் தோன்றும். நானும் நினைத்தேன். விமான் நகருக்கு வீடு மாறிய பிறகு மகளைப் பள்ளியில் சேர்க்க ஒரு வசிப்பிடச் சான்றிதழ் தேவைப்பட்டது. என்னிடம் ஒரு தாள் குறைந்தது. மின் ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவரிடம் போய்ச் சிரித்தேன்.

"கொஞ்சம் ஈயக்கோலை எடுங்களேன்."

அவர் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு எதுக்கு ஈயம்? படிச்சிருக்கீங்க, ஸ்கூட்டர் இருக்கு, பேப்பர்ல பேரு வருது. நீங்க நேர்க்கல்லு. வீட்டுக்காரர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

வீட்டுக்காரர் நாக்பூரில் இருந்தார். மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை சான்றிதழ் கிடைத்தது. தேநீர் கிடைக்கவில்லை.

இன்னொரு நாள் ஒரு நகரசேவகர், அதாவது மாநகராட்சி உறுப்பினர், நான் இருக்கும்போதே உள்ளே வந்தார். போன மாதம் ஒரு விதவைக்கு விதியைத் தளர்த்தினீர்களே, என் ஆளுக்கும் தளர்த்துங்கள் என்றார். இவர் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளி, "லேகி த்யா" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்று பொருள். உங்கள் ஆளுக்கு ஏன் வளைக்க வேண்டும் என்று காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நான் கோப்பில் சேர்க்கிறேன். நகரசேவகர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். "வளைக்கறவன் எழுதணும். எழுத முடியாட்டி அது வளைவு இல்ல, ஓட்டை" என்றார் என்னிடம். இவர் வளைத்த ஒவ்வொரு கோப்பிலும் இவர் கையெழுத்திலேயே பக்கக்கணக்கில் காரணம் இருக்கும்.

கசார்வாடி விசாரணை நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மே மாதம். பழைய மும்பை சாலையை அகலப்படுத்த, ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகைகளை எடுக்க வேண்டும். தகுதியுள்ள குடும்பத்துக்குப் புதுக் கட்டடத்தில் ஓர் அறை. தகுதிப் பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். பட்டியலில் பெயர் இல்லாதவர்களின் கொட்டகை மழைக்கு முன் இடிக்கப்படும், மாற்று இடம் கிடையாது. இதை வாசலில் மராத்தியில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் விசாரணை. பக்கத்துப் பட்டறைகளிலிருந்து இரும்பு கடையும் சத்தம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. நடுவில் விசாரணை அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் இவர். அதிகாரிக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். நேர்மையானவர். ஒரு தேநீர் கூட யாரிடமும் வாங்கிக் குடிக்காதவர். எல்லோருக்கும் ஒரே விதி என்று உண்மையாகவே நம்புகிறவர். அதனால்தான் அன்றைய நாள் அவ்வளவு கடினமாக இருந்தது.

மதியம் ஒன்றரை மணிக்குச் செல்லத்தாயியின் பெயரைக் கூப்பிட்டார்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கொட்டகையில் இருப்பவள். கணவர் போசரியில் ஓர் ஆலையில் வேலை பார்த்து இறந்துபோனார். ரேஷன் அட்டையில் ஆறு பேர். இரண்டு மாதம் முன்பு எடுத்த கணக்கெடுப்புத் தாளில் எட்டுப் பேர்.

அதிகாரி தாளை வாசித்தார். "இருளப்பன் யார்?"

இவர் தமிழில் கேட்டுச் சொன்னார்.

"கொழுந்தனாருங்க. செத்துப்போயி நாலு வருசமாச்சு."

"கருப்பசாமி?"

செல்லத்தாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எங்க கொலசாமிங்க."

மொழிபெயர்ப்பு முடிந்ததும் கூடம் சிரித்தது. பத்திரிகைக்காரர்கள் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேனாவும் ஒரே நேரத்தில் ஓடின. என் குறிப்பேட்டில் அப்போதே தலைப்பு எழுதிவிட்டேன்: குலதெய்வத்துக்கும் வீடு கேட்ட குடும்பம். நல்ல தலைப்பு. கை குறுகுறுத்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. அரசாணையின் வாசகத்தைப் படித்தார். கணக்கெடுப்பில் பொய்ப் பெயர் சேர்த்த குடும்பத்துக்குத் தகுதி இல்லை. அப்போது குமாஸ்தா ஒருவர் எழுந்து, அந்த வரிசையில் உள்ள பதினொரு தமிழ்க் குடும்பங்களின் தாள்களையும் கொண்டுவந்து பரப்பினார். பதினொன்றிலும் எட்டு. யாரோ ஒரு தரகன் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறான் என்றார். அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, பதினொன்றையும் நீக்க உத்தரவிட்டார்.

செல்லத்தாயிக்கு மராத்தி உத்தரவு புரியவில்லை. சிப்பந்தி கையால் குறுக்கே வெட்டிக் காட்டினான். அது புரிந்தது. அவள் அழவில்லை. அங்கேயே, அதிகாரி மேசைக்கு முன்னால், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அந்தப் பதினொரு தாள்களையும் தன் பக்கம் இழுத்து வரிசையாக அடுக்கினார். விரலை எண்ணிக்கைக் கட்டத்தின் மேலிருந்து கீழாக ஓட்டினார். எட்டு, எட்டு, எட்டு. மறுபடியும் ஓட்டினார்.

"பொய்யின்னா ஒருத்தன் ஏழும்பான், ஒருத்தன் ஒம்பதும்பான்" என்று தமிழில் முணுமுணுத்தார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா என்று தெரியவில்லை. பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து செல்லத்தாயியின் எதிரில் குனிந்தார்.

"ஏம்மா, எட்டுன்னு ஒனக்கு ஆரு சொன்னா?"

"கணக்கெடுக்க வந்த தம்பிதாம்மா கேட்டுச்சு."

"என்னன்னு கேட்டான்?"

"எட்டுப் பேரச் சொல்லுன்னுச்சு."

"அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாதே. என்ன வார்த்த சொன்னான்? அப்படியே சொல்லு."

"ஆட் நாவுன்னுச்சும்மா. ஆட்னா எட்டு. நாவ்னா பேரு. பஸ்ஸுல, கடையில எல்லாம் ஆட்டுன்னுதான சொல்லுதாங்க. எங்க வீட்ல ஆறு பேருதான். எட்டு இல்லாட்டி வீடு இல்லைன்னு சொல்லிருவாங்களோன்னு பயந்துபோயி, செத்தவரு பேரச் சொன்னேன். இன்னும் ஒண்ணு கொறஞ்சுச்சு. சாமி பேரச் சொன்னேன். சாமி பேரு பொய் ஆகாதுல்லம்மா?"

இவர் நிமிர்ந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சிவந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு கணம் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

தமிழ் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மராத்தியில் ஆட்நாவ் என்றால் குடும்பப் பெயர். மகாராஷ்டிரத்தில் எந்தப் படிவத்திலும் முதல் கட்டம் அதுதான். நம்மிடம் இல்லாத சரக்கு அது. நம்மிடம் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. அதே மராத்தியில் எட்டு என்ற எண்ணுக்கும் ஏறத்தாழ அதே ஒலி. மராத்திக் காது இரண்டையும் பிரித்துக் கேட்கும். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்று. கணக்கெடுக்க வந்தவன் 'ஆட்நாவ் காய்', உன் குடும்பப் பெயர் என்ன, என்று கேட்டிருக்கிறான். பதினொரு வாசலிலும் எட்டுப் பெயர் சொல்லு என்று விழுந்திருக்கிறது. அவர்கள் அடுக்கியதை, வீட்டில் இருப்பவர்கள் பட்டியல் என்று எண்ணி அவன் எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.

இவர் மூச்சு வாங்கியபடியே அதிகாரியிடம் எல்லாவற்றையும் விளக்கினார். அதிகாரி மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"நல்ல கதை" என்றார். "ஆனால் பட்டியலிலிருந்து நீக்கியதற்குப் பிறகு சொல்கிற கதை."

"அப்படின்னா சோதிச்சுப் பாருங்க" என்றார் இவர். "அந்த வரிசை ஆளுங்க பாதிப் பேர் வெளியே மரத்தடியில இருக்காங்க. உள்ள நடந்தது அவங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன். நீங்களே கேளுங்க." இருவரும் மராத்தியில் பேசினார்கள். தமிழில் தருகிறேன்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு பத்து. சிப்பந்தியை அனுப்பினார்.

முதலில் வந்தவர் பேச்சிமுத்து. பட்டறையில் கடைசல் வேலை. கையில் எண்ணெய்க் கறை. அதிகாரி அவரை நேராகப் பார்த்து, தெளிவாக, நிறுத்திக் கேட்டார்: "ஆட்நாவ் காய்?"

கூடம் மூச்சைப் பிடித்தது. என் பேனா தாளின் மேல் நின்றது.

பேச்சிமுத்து இடது கையை விரித்தார். கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் வைத்தார்.

"பேச்சிமுத்து. சுப்புலட்சுமி. மாரியப்பன். சித்ரா..."

கட்டைவிரல் கணு கணுவாக ஏறியது. கைக்குழந்தையின் பெயரோடு ஐந்தில் நின்றது. அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"...முருகன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "வள்ளி. தெய்வானை."

மேசை மேல் எங்கள் மூன்று பேனாவும் கிடந்தன. நாங்கள் எழுதவில்லை. அதிகாரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். இவர் சன்னலுக்கு வெளியே ரயில் பாதையைப் பார்த்தபடி, சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னொரு ஆள்" என்றார் அதிகாரி.

வந்தது ஒரு கிழவி. செல்லத்தாயிக்கு மூன்றாவது வீடு. ஆட்நாவ் என்ற சொல் காதில் விழுந்ததுமே, இதற்கு ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியாயிற்றே என்ற எரிச்சலோடு விரல் மடக்கினாள். ஏழு வரை வந்தாள். போன முறை எட்டாவதாக யாரைச் சொன்னோம் என்பது மறந்துபோயிற்று. அதிகாரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணு கொறையுது சாமி. ஒங்க பேரையே போட்டுக்கங்க."

இவரால் இதற்கு மேல் முடியவில்லை. மொழிபெயர்த்தார். கூடம் வெடித்தது. இந்த முறை அதிகாரியும் சிரித்தார். நாற்காலி பின்னால் சாயும் அளவுக்குச் சிரித்தார். தரையில் உட்கார்ந்திருந்த செல்லத்தாயி மட்டும், சிரிப்பு தனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

சிரிப்பு முடிந்ததும் அதிகாரி பழையபடி ஆனார். அரசாணையைக் கையில் எடுத்தார்.

"சரி. புரியாமல் சொன்னார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் பொய்தானே? இங்கே பொய்ப் பெயர் என்றுதான் இருக்கிறது. புரிந்து சொன்ன பொய், புரியாமல் சொன்ன பொய் என்று இரண்டு இல்லை. போன வாரம் இதே வரியை வைத்து ஒரு குடும்பத்தை நீக்கினோம். அவனுக்கு ஒரு நியாயம், இவர்களுக்கு ஒரு நியாயமா?"

"அவன் ஊர்ல இருக்கிற தம்பி பேரத் தனிக் குடும்பமாச் சேத்து ரெண்டாவது அறை கேட்டான். இவங்க யாரும் ரெண்டாவது கேக்கல. வீட்ல ரெண்டு பேரா இருந்தாலும் எட்டுப் பேரா இருந்தாலும் ஒரே அறைதான். இந்தப் பொய்யால யாருக்கு என்ன கிடைச்சுது?"

"அரசாணையில் கிடைத்தது, கிடைக்காதது பற்றி ஒன்றும் இல்லை."

"எழுதினவர் மும்பையில தலைமைச் செயலகத்துல உக்காந்து எழுதினார். ஆட்நாவ் இல்லாம ஒரு மனுசன் பிறப்பான்னு அவருக்கு எப்படித் தெரியும்? அவரே இப்ப இந்த நாற்காலியில இருந்து, அந்தக் கிழவி சொன்னதக் கேட்டிருந்தா, அந்த வரியில என்ன சேத்திருப்பார்? அதத்தான் நாம எழுதணும்."

"இது உங்கள் கிரேக்கர் சொல்வதா?"

"ஆமா."

"போன வருஷம் ஒரு பால்காரனுக்கு வளைத்தீர்கள். அவன் பொய் சொன்னது பிறகு தெரிந்தது."

"தெரிஞ்சுது. தப்புத்தான். அந்தக் கோப்பிலயும் என் கையெழுத்துதான் இருக்கு."

"இதில் உங்கள் கிரேக்கர் கையெழுத்துப் போடுவாரா?"

"அவர் லீவுல இருக்கார். நான் போடுறேன்."

மணி மூன்று. அதிகாரி ஒரு நிபந்தனை விதித்தார். பதினொரு வீட்டையும் அன்றைக்கே மறுபடி எண்ண வேண்டும். குமாஸ்தா போகவேண்டும், அவரோடு வெளியாள் ஒருவர் சாட்சியாகப் போகவேண்டும். வெளியாளாக என்னைக் கைகாட்டினார். ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் பட்டியல் பட்டியல்தான்.

ஓடினோம். வேறு சொல் இல்லை. தகரச் சூட்டில் வீடு வீடாகக் குனிந்து நுழைந்து தலைகளை எண்ணினோம். செல்லத்தாயி வீட்டில் கட்டிலில் மாமியார், மூலையில் மூன்று பிள்ளைகள், அவளோடு ஐந்து. ஆறாவது, மூத்த மகள். தையல் ஆலையிலிருந்து வரவில்லை. செல்லத்தாயி வாசலில் நின்று சாலையைப் பார்த்தாள். நாங்கள் மற்ற வீடுகளை முடித்துவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றிருந்தாள். நான்கு மணி இருபத்தைந்துக்குச் சாலையின் மறுபக்கம் பேருந்து நின்றது. அந்தப் பெண் இறங்கியதும் தெருவே கூப்பாடு போட்டு அவளை இழுத்து வந்தது. அவள் பெயரைக் கேட்டபோது மூச்சு இரைத்ததில் ஒரு பெயரைச் சொல்லவே இரண்டு தடவை ஆயிற்று. பதினொன்றில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் மெய்யாகவே எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் மதியம் நீக்கியிருந்தார்கள்.

நாங்கள் திரும்பியபோது இவர் எழுதிக்கொண்டிருந்தார். மராத்தியில் மூன்று பக்கம். கடைசிப் பத்தி இப்படி முடிந்தது: இல்லாதவர் பெயரைச் சொன்னது தவறு, அதனால் அவர்கள் எதையும் பெறவில்லை, அவர்கள் பதில் சொன்னது நாம் கேட்ட கேள்விக்கு அல்ல, அவர்கள் காதில் விழுந்த கேள்விக்கு, விதியைத் தளர்த்தும் பொறுப்பு என்னுடையது. கீழே கையெழுத்து, பதவி, நேரம்.

அப்போதுதான் சிப்பந்தி மேசைக்கு அருகில் வந்தான். இவருடைய அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறவன். கிரேக் சாகேபுக்குப் பதவி கொடுத்தவனே அவன்தான். போன வாரம் நீக்கப்பட்ட குடும்பம் அவன் மச்சினனுடையது. அதுவரை எனக்குத் தெரியாது. கூடத்தில் பலருக்கும் தெரியாது.

"மேடம்," என்றான் மெல்ல, அந்தக் குடும்பத்தின் கோப்பை நீட்டியபடி, "பேனா கையில் இருக்கும்போதே எங்களுக்கும் ஒரு வரி வளைத்துவிடுங்கள்."

அவர் அந்தக் கோப்பை வாங்கி, நின்றபடியே, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார். எங்களோடு திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்திருந்த செல்லத்தாயி எழுந்துவிட்டாள். இவர் கோப்பை மூடி அவனிடம் கொடுத்தார்.

"ஒன் மச்சினனுக்கு மராத்தி தெரியும். தம்பிக்குச் சாத்தாராவில வீடு இருக்கு. இதுல வளைக்க ஒண்ணும் இல்ல" என்றார். மராத்தியில்தான் சொன்னார், மெதுவாக, அவன் கண்ணைப் பார்த்து.

"தமிழ் ஆளுகளாக இருந்தால் வளைந்திருக்கும்" என்றான் அவன்.

அவர் முகம் என்ன ஆயிற்று என்று என்னால் பார்க்க முடியவில்லை. அதிகாரி பக்கம் திரும்பிவிட்டார்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு அதிகாரி கையெழுத்திட்டார். பதினொரு குடும்பங்களும் பட்டியலில் ஏறின. சிப்பந்தியே பட்டியலை ஜீப்பில் கொண்டுபோய் வைத்தான். நான் பழைய தலைப்பை அடித்துவிட்டு வேறு எழுதினேன். மற்ற இரு பத்திரிகைக்காரர்களில் ஒருவர் தன் பழைய தலைப்பை அடிக்கவில்லை. மறுநாள் அவருடைய செய்திதான் பெரிதாக வந்தது.

அந்தச் செய்தியை வைத்து, யாரைக் கேட்டு விதியைத் தளர்த்தினீர்கள் என்று இவருக்கு நோட்டீஸ் வந்தது. பதிலாக அந்த மூன்று பக்கத்தின் நகலை அனுப்பினார். விசாரணை இழுத்தது. இன்னொரு தாலுகாவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் போய்ப் பார்த்தேன். மேசை சிறிதாகியிருந்தது. "இங்க சிப்பந்தி கிரேக்கரச் சொன்னா நம்ப மாட்டேங்கான், பேப்பர்காரரே. மும்பைக்கு ஃபோன் போட்டு விசாரிச்சுட்டான்" என்றார். அந்தப் பழைய சிப்பந்தி மறுபடி அவரோடு பேசினானா என்று கேட்டேன். தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டு, அடுத்த கோப்பைப் பிரித்தார்.

புதுக் கட்டடம் எழும்பி முடிய நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் இவர் ஓய்வு பெற்றுவிட்டார். அறைகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று, நூற்றுக்கணக்கானோர் முன்னால், ஒரு பள்ளிச் சிறுமியை விட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். நான் போயிருந்தேன். செல்லத்தாயிக்கு மூன்றாம் மாடி விழுந்தது.

அந்தக் கட்டடத்தில் தண்ணீர் இரண்டாம் மாடி வரைதான் ஏறுகிறது.